தண்ணீர் வரும் திசை

வாப்பாவுக்கு அப்படியொரு ஆசை இருந்ததென்பது அவருடைய 84ஆவது வயதில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. 2023 யூன் மாதம். கல்முனையில் சுற்றுலா ஒழுங்குசெய்யும் பொடியன் ஒருவன் வீட்டுக்கு வந்து துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்துவிட்டுப் போனான். கல்லோயா தேசிய பூங்காவுக்கு ஒரு நாள் பயணம், படகில் போய் யானை பார்க்கலாம், வழிகாட்டி இருப்பார், காலைத் தேநீரும் பகற் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்று அதில் அச்சடித்திருந்தது. மகள் உரத்து வாசித்தாள். சாய்மனைக் கதிரையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த வாப்பா கண்ணைத் திறந்தார்.

"இங்கினியாகலக் கொளத்துக்கா போறானுகள்?"

"ஓம். நீங்களும் வாறயளா?" என்று நான் பகிடியாகத்தான் கேட்டேன்.

"வாறன். நான் அத ஒரு நாளும் கண்டதில்ல மனே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாப்பா முப்பது வருடத்துக்கு மேல் வயல் செய்தவர். செய்ததெல்லாம் அந்தக் குளத்துத் தண்ணீரில். வீட்டிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பயணம். ஹஜ்ஜுக்கு மக்கா வரை போய்வந்த மனிதர், தன்னுடைய சோற்றுக்கு வழிசெய்த குளத்தைப் பார்த்ததில்லை என்கிறார்.

யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. எங்கள் வயல் சம்மாந்துறைக்கு மேற்கே, வாய்க்கால் களைத்துப்போய் முடிகிற இடத்தில் எட்டேக்கர். கடைசிக் கண்டத்துக்காரனுக்கு மேலே போய்ப் பார்க்க நேரமேது? அவனுடைய வேலை காத்திருப்பது. வட்டவிதானை வந்து நாளைக்கு முறை என்று சொல்லிவிட்டுப் போவார். நாளை வரும், தண்ணீர் வராது. அதற்கடுத்த நாள் இரவில் வரும். வாப்பா மண்வெட்டியும் டோர்ச்சுமாகப் போய் வரம்பில் குந்தியிருப்பார். பக்கத்து வயற்காரன் அவருடைய சொந்த மச்சான்தான். ஆனாலும் தண்ணீர்க் காவலுக்கு மச்சான் முறை கிடையாது.

வீட்டில் அவர் பேசும்போது எல்லாம் "அவன்" என்றுதான் வரும். "மேல அவன் தொறந்திட்டான்." "அவன் பூட்டிட்டான், இன்னும் நாலு நாளைக்கி ஒண்டும் இல்ல." சிறுவயதில் அந்த அவன் யாரென்று எனக்கு விளங்கவில்லை. மேற்கே மலைக்குள் ஒருவன் திறப்புக்கோர்வையோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஓதப்பள்ளியில் மழைக்குப் பொறுப்பான மலக்கைப் பற்றி லெப்பை சொல்லித் தந்தபோது, இங்கினியாகலவில் இருப்பவரும் அவர்தானா என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

அவனுடைய வரலாறு பின்னால் வாசித்து அறிந்தது. பட்டிப்பளை ஆறு என்று நம்மவர்கள் அழைத்துவந்த ஆற்றுக்குக் கல்லோயா என்ற பெயர் நிலைத்தது அந்தத் திட்டத்தோடுதான். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி வந்து இங்கினியாகலவில் இரு மலைகளுக்கிடையே அணையைக் கட்டியது. அப்போது வாப்பாவுக்குப் பத்து வயது. யானையைவிடப் பெரிய மெசின் வந்திருக்கிறதென்று சம்மாந்துறைச் சந்தையில் கதைத்தார்களாம். முதலாவது பிரதமர் டீ.எஸ்.சேனநாயக்காவின் பெயரைக் குளத்துக்கு வைத்தார்கள்: சேனநாயக்க சமுத்திரம். நிரம்பினால் 770,000 ஏக்கர் அடி தண்ணீர் கொள்ளும். நாட்டிலேயே ஆகப் பெரிய குளம். வேடர்கள் வேட்டையாடித் திரிந்த காட்டில் ஒரு பகுதியும் அதற்குள் போயிற்று. குளத்துக்குத் தண்ணீர் தரும் காட்டைக் காப்பாற்றவேண்டுமென்று 1954இல் சுற்றியுள்ள 25,900 ஹெக்டேயரைத் தேசிய பூங்கா ஆக்கினார்கள். ஆக, அந்தப் பூங்கா முதலில் யானைக்காக உண்டானதல்ல. தண்ணீருக்காக உண்டானது. யானைக்கு அது உபகாரம்.

நம் பக்கத்தில் கல்லோயா என்று வாயெடுத்தால் குடியேற்றம், சனத்தொகை விகிதாசாரம், தொகுதி எல்லை என்றுதான் பேச்சு போகும். போகத்தான் வேண்டும். 1956 யூனில் அந்தப் பள்ளத்தாக்கில் ஓடிய இரத்தத்தையும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்ததையும், அதன்பின் நடந்தவற்றையும் பேசாமல் இந்தக் கரையோரத்தின் கதையைச் சொல்ல முடியாது. நானும் கூட்டங்களில் அதைத்தான் பேசியிருக்கிறேன். ஆனால் வாப்பா ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அவருக்குக் கல்லோயா என்றால் வருகிற தண்ணீர், அல்லது வராத தண்ணீர். அரசியல் தெரியாதவர் என்று ஒரு காலத்தில் அவரைப் பற்றி நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை சுபஹு தொழுத கையோடு வான் வந்தது. பதினொரு பேர். மருதமுனையிலிருந்து ஒரு குடும்பம், சாய்ந்தமருதில் ஏறிய மூன்று பல்கலைக்கழகப் பொடியன்கள், நாங்கள் நால்வர். வாப்பா வெள்ளைச் சாரனும் நீளக்கைச் சேட்டும் தொப்பியும். பெருநாளைக்குப் போகிற மாதிரி.

காரைதீவுச் சந்தியில் திரும்பினால் மாவடிப்பள்ளி வீதி. இரு புறமும் வயல். நாங்கள் போன அன்று அந்த வீதி காய்ந்து, கொக்குகள் நின்ற சாதாரண வீதி. அதற்கு அடுத்த ஆண்டு, 2024 நவம்பர் 26ஆம் திகதி, மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது இதே வீதியில்தான். இதை எழுதும்போது அந்தப் பயணத்தில் பார்த்த கொக்குகளை மட்டும் நினைக்க மனம் விடுகுதில்லை.

சம்மாந்துறை தாண்டியதும் வாப்பா சாரதியிடம், "கொஞ்சம் மெல்லமா உடு மனே" என்றார். வான் மெதுவானது. அவர் இடப்பக்கம் கையை நீட்டி எதையோ காட்டினார். வயல்தான். எங்களுடையதாக இருந்தது. 1990இல் வயலுக்குப் போன நம் ஆட்கள் திரும்பி வராத நாட்கள் உண்டல்லவா, அந்த நாட்களில் எங்கள் பரணில் காவலுக்கிருந்த இரண்டு பேரும் வரவில்லை. ஒருவர் வாப்பாவின் முல்லைக்காரர், மற்றவர் அவருடைய மருமகன். மையித்து வந்தது மூன்றாம் நாள். அதன்பிறகு வாப்பா அந்த வரம்பில் கால்வைக்கவில்லை. 1994இல் வந்த விலைக்குக் கொடுத்தார். வானில் இருந்த யாருக்கும் இதெல்லாம் தெரியாது. பொடியன்கள் பாட்டுப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்பாறை நகரைக் கடந்து கொண்டவட்டுவான் குளத்தோரம் போகும்போது வழிநெடுக யானை கடக்குமிடம் என்று பலகைகள். இங்கினியாகலவுக்கு ஆறரை மணியளவில் போய்ச்சேர்ந்தோம். வனசீவராசிகள் திணைக்களத்தில் டிக்கெட் எடுத்து, ஆளுக்கொரு மிதவை அங்கி மாட்டி, இரண்டு படகாகப் பிரிந்தோம். வாப்பா அங்கியை மாட்டமாட்டேன் என்று கொஞ்சநேரம் நின்றார். "நான் என்ன சின்னப்புள்ளயா?" எங்கள் படகு வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயதிருக்கும், சிங்களப் பொடியன். ஒன்றும் பேசாமல் குனிந்து, வாப்பாவின் நெஞ்சில் வார்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டான். வாப்பாவும் பேசாமல் நின்றார்.

இங்கினி என்றால் நம் தேற்றா மரம். அதன் கொட்டையைக் கலத்தின் உட்புறம் உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் சேறு அடியில் படிந்துவிடும். உம்மா செய்வதைக் கண்டிருக்கிறேன். தேற்றா மரம் நின்ற கல்மலை, இங்கினியாகல. தண்ணீரைத் தெளியவைக்கிற மரத்தின் பெயரை வைத்த ஊரிலிருந்து எங்கள் வாய்க்காலுக்கு எப்போதும் கலங்கல் தண்ணீரே வந்து சேர்ந்தது என்பது வேறு கதை.

படகு புறப்பட்டது. அணை பின்னால் சிறுத்துப்போக, முன்னால் தண்ணீர் விரிந்தது. எத்தனையோ பேர் எழுதிய வர்ணனை என் மண்டைக்குள்ளும் ஓடியது. எழுதவில்லை. நம் ஊர்க் கவிஞர்கள் கடலைப் பாடித் தீர்த்திருக்கிறார்கள், சுனாமிக்கு முன்னும் பின்னும். மேற்கே முப்பது மைலுக்குள் இப்படியொன்று கிடப்பதை ஏன் பாடவில்லை என்று மட்டும் தோன்றியது. பயந்திருப்போம். அல்லது, நமக்குரியதல்ல என்று விட்டிருப்போம்.

வாப்பா படகின் ஓரத்தில் கையைத் தொங்கவிட்டு, ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் தடவினார். இன்னொரு கை அள்ளி வாயில் விட்டார். மகள் பதறினாள். "முப்பது வருசமா வயல்ல குடிச்ச தண்ணிதான்" என்றார்.

யூன் மாதம் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. எழுபது வருடத்துக்கு முன் மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் ஆங்காங்கே எழுந்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்க்காகம். குருவித் தீவில் கொக்குகளும் நாரைகளும் இரைச்சலிட்டன. வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று மீனைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலால் போனது. கரையில் காய்ந்த முதலை. வழிகாட்டி தமிழ் கொஞ்சம் சிங்களம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தான். அப்பால் தெரியும் புல்வெளிகளில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் காடாக நிற்பதாகச் சொன்னான். திரிபலா என்று பரிசாரி கொடுக்கும் மூன்றும் ஒரே காட்டிலிருப்பது மருதமுனைக்காரருக்குப் பெரிய புதினம். அவர் அதற்குப் பிறகு யானையைவிடக் கடுக்காயைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

ஒன்றேகால் மணித்தியாலம் ஒன்றும் இல்லை. பொடியன்களின் படகிலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. பிறகு எங்கள் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினான்.

முதலில் நான் பார்த்தது இரண்டு கட்டைகள். கட்டைகள் அசைந்தன. அவை தும்பிக்கைகள். கரைக்கும் ஒரு தீவுக்கும் நடுவே, யானைகள் நீந்திக்கொண்டிருந்தன. முதலில் ஒன்று, அதன் பின்னால் சின்னது, அதையொட்டி இன்னொரு பெரியது, சற்றுத் தள்ளி நாலாவது. உடம்பு தெரியவில்லை. மண்டையின் மேடும் தும்பிக்கை நுனியும்தான். நீர் வற்றியதும் தீவுகளில் இளம்புல் முளைக்கும், அதைத் தேடிப் போகின்றன என்று வழிகாட்டி இரகசியம்போலச் சொன்னான். சின்னது இடையில் தாழ்ந்தது. என் மகள் என் கையைப் பிடித்தாள். பின்னால் வந்த பெரியது தும்பிக்கையால் தள்ளியதா, அல்லது தோளைக் கொடுத்ததா, சரியாகத் தெரியவில்லை. சின்னது மேலே வந்தது. தீவில் ஏறி நின்றபோதுதான் அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு நேரமும் தண்ணீருக்குள் இருந்ததென்று நம்பமுடிந்தது.

வாப்பாவின் உதடு அசைந்தது. கிட்டப் போய்க் கேட்டேன். ஸூரத்துல் ஃபீல் ஓதிக்கொண்டிருந்தார். நாமெல்லாம் ஓதப்பள்ளியில் முதலில் பாடமாக்கும் ஸூராக்களில் ஒன்று. யானையைக் காணுமுன்பே யானையின் ஸூராவை அறிந்துகொள்கிறோம். பயத்துக்கு ஓதுகிறாரா என்று நினைத்தேன். வயலில் அவர் யானை என்ற சொல்லையே எடுக்கமாட்டார். "பெரியாள் வந்து பெய்த்தார்" என்பார். பெயரைச் சொன்னால் கேட்டுவிடும் என்பது பரண்காரர்களின் நம்பிக்கை.

"அப்ரஹாட ஆனை மக்காப் பக்கம் அசைய மறுத்துப் படுத்திட்டாம் எண்டு எங்கட லெப்பை செல்லுவார்" என்றார் வாப்பா. "மனிசன் ஏவினத்துக்கெல்லாம் போகாத சாமான்."

திரும்பும்போது வழிகாட்டி எங்கள் பக்கத்தில் வந்து அமர்ந்தான். வாப்பா சந்தைச் சிங்களத்தில் அவனிடம் ஊரைக் கேட்டார். இங்கினியாகலவுக்குப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்று. அவனுடைய சீயா கேகாலையிலிருந்து ஐம்பதுகளில் வந்தவர். மூன்று ஏக்கர் வயலும் ஒரு வீடும் கொடுத்துக் காட்டுக்குள் விட்டார்களாம்.

"வாய்க்கால்ல எங்க?" என்று கேட்டார் வாப்பா.

"முதலாவது மதகுக்குக் கிட்ட."

வாப்பா அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். நான் நிறைய நாளாகக் காணாத சிரிப்பு. "அப்ப உன்ட சீயாதான் அவன்" என்றார் தமிழில். பொடியன் விளங்காமல் என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்த்தேன்: உன் சீயா மேலே பூட்டினால் இவருக்குக் கீழே தண்ணீர் வராது. முப்பது வருடம் இவர் திட்டிய ஆள் உன் சீயாதான்.

பொடியனும் சிரித்துவிட்டான். பிறகு தன் சீயாவும் திட்டியதாகச் சொன்னான். யாரை என்று கேட்டோம். யானையை, பொறியியலாளரை, கேகாலையை. மாசிமாதக் குளிரில் தன் இரண்டு பிள்ளைகளை மலேரியா கொண்டுபோன பிறகு கேகாலைக்கே திரும்பிப்போக நினைத்தாராம். அங்கே நிலமில்லை.

அதைக் கேட்டு வாப்பா சிரிப்பை நிறுத்தினார். கொஞ்சநேரம் கழித்து, கொளம் வத்திக் கிடந்த ஒரு வருடம், எதிர்பாராமல் ஓரிரவு தங்கள் கண்டத்துக்குத் தண்ணீர் வந்ததைச் சொன்னார். முறையே இல்லாத நாள். மேலே யாரோ தங்கள் கதவைப் பூட்டிவிட்டுக் கீழே அனுப்பியிருந்தார்களாம். "ஆரெண்டு தெரியா. துஆக் கேட்ட நாங்க" என்றார். எந்த வருடமென்று அவருக்கு நினைவில்லை. நான் பிற்காலத்தில் நோர்மன் உப்ஹோஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1992இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தைப் பற்றி வாசித்திருக்கிறேன். கல்லோயா இடதுகரையில் 1981இல் விவசாயிகள் அமைப்புகளைத் தொடங்கியபோது, குளத்தில் நாலிலொரு பங்கு தண்ணீர்கூட முழுதாய் இல்லாத நிலையில், மேல்வாய்க்காலின் சிங்கள விவசாயிகள் தங்கள் பங்கில் மிச்சம்பிடித்துக் கீழ்வாய்க்காலுக்கு அனுப்பினார்கள் என்பது அதில் வருகிற செய்தி. வாப்பா சொன்ன இரவும் அதுவும் ஒன்றா என்று ஒட்டிப்பார்க்க நான் முயலவில்லை.

பகற் சாப்பாடு மருத மரங்களுக்குக் கீழே. லுஹரையும் அங்கேயே ஜம்மு செய்யாமல் தொழுதோம், அஸருக்குள் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையில். கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பாலாணமுமாகச் சோற்றுப் பார்சல். எல்லாம் லஞ்ச் சீற்றில் சுற்றி, அதற்கு மேல் ஒரு பொலித்தீன் பை. 2017 செப்டெம்பரிலிருந்து இந்த நாட்டில் பொலித்தீன் லஞ்ச் சீற் தடை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அன்று காலை பார்சலை வாங்கி அடுக்கியதும் நான்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் வழிகாட்டி ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு சீற்றாகக் கேட்டு வாங்கினான். ஒன்று குறைந்தது. மருதமுனைப் பிள்ளையின் பை காற்றில் பறந்து பற்றைக்குள் சிக்கியிருந்தது. அவன் முள்ளுக்குள் இறங்கி அதை எடுத்தான். கையெல்லாம் கீறல். என் மகள், ஒரு பைக்காக இவ்வளவா என்று கேட்டாள்.

"நீங்கள் கல்முனைதானே?" என்று கேட்டான் அவன். "பள்ளக்காடு தெரியுமா?"

தெரியாமலா. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் மேற்கே, அஷ்ரப் நகர்ப் பக்கம். நம் கரையோர ஊர்களின் குப்பை போகிற இடம். 2022 சனவரியில் ஒரு வார இறுதியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக்கிடந்த செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. எட்டு வருடத்தில் சுமார் இருபது யானை என்று எழுதினார்கள். மின்வேலியை 2014இல் இடி தாக்கியது, அதன்பின் திருத்தப்படவில்லை என்றும் எழுதினார்கள். வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர் வயிற்றில் கண்டது பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் பிளாஸ்டிக்கும் தண்ணீரும்தான். யானை வழமையாகத் தின்னும் எதுவும் அதில் இருக்கவில்லை.

இதையெல்லாம் நான் வாசித்திருந்தேன். வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்திருந்தேன். யானை நம் வயலை அழிக்கிறது, ஆளை மிதிக்கிறது, அதற்கு நட்டஈடு தா என்று மகஜர் எழுதத் தெரிந்த கை எனக்கு. அதிலும் பொய்யில்லை. 2023 என்ற அந்த ஒரே ஆண்டில் யானை மோதலில் நாடு முழுவதும் 180 மனிதருக்கு மேல் இறந்தார்கள். செத்த யானை 480க்கு மேல். மனிதக் கணக்கை மட்டும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

வழிகாட்டி கோபமாகப் பேசவில்லை. அதுதான் சங்கடம். "இஞ்ச நீந்துது. அங்க உங்கட பையத் திண்டு சாகுது" என்று தன் கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டுச் சாக்கின் வாயைக் கட்டினான். வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். காது மந்தமென்று நாங்கள்தான் நினைத்திருந்தோம்.

வானில் திரும்பும்போது எல்லோரும் தூங்கினார்கள். தங்கள் வயலைக் கடந்தபோது வாப்பா இந்த முறை மெல்லப் போகச் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட்டதும், "அஸருக்குப் புறகு என்ன அங்க கூட்டிட்டுப் போ" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மருமகனின் ஓட்டோவில் போனோம். பிரதான வீதியை விட்டு மேற்கே திரும்பியதும் மணம் வழிகாட்டியது. குப்பை மேட்டுக்கு இந்தப் பக்கம், எங்களைப் போலவே வேறு சிலரும் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று ரெலிபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கச்சான் விற்றான்.

யானைகள் முழு உடம்போடு நின்றன. நீரில்லாத இடத்தில் மறைய என்ன இருக்கிறது. ஒவ்வொரு பையாகக் காலால் மிதித்து, தும்பிக்கையால் உதறி, சோறு இருந்தால் சோற்றோடும் பையோடும் வாய்க்குள் வைத்தன. எங்கள் வீட்டில் குப்பைப் பையின் வாயை மகள் இரட்டை முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவாள், தெருநாய் இழுக்காமலிருக்க. முடிச்சை அவிழ்க்க யானைக்குத் தெரியாது, தேவையுமில்லை. கொக்குகள் அவற்றின் முதுகில் ஏறி இறங்கின. தூரத்திலிருந்து பார்த்தால் குளக்கரை போலத்தான் இருந்தது. ஒரு குட்டி, சிவப்புப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாயிடமிருந்து விலகி ஓடியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

வாப்பா ஓட்டோவை விட்டு இறங்கி, பொல்லை ஊன்றிக்கொண்டு எண்ணினார். களத்துமேட்டில் நெல்லுமூடை எண்ணுவாரே, அந்த விதமாக, விரலை மடக்கி மடக்கி.

"அங்க காசி குடுத்துக் கண்டது நாலு" என்றார். "இஞ்ச சும்மா பதினெட்டு."

ஓதவில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஃரிபுக்கு இன்னும் கொஞ்சநேரம் இருந்தது. தூரத்தில் உழவு இயந்திரச் சத்தம். நாங்கள் கேட்குமுன்பே அவை கேட்டுவிட்டன. தின்றுகொண்டிருந்தவை தலையைத் திருப்பின. பற்றைக்குள் நின்றவையும் வெளியே வந்தன. பெட்டி நிறையக் குப்பையோடு இயந்திரம் எங்களைத் தாண்டும்போது வழிவிட ஒதுங்கினோம். சாரதி வாப்பாவின் தொப்பியைக் கண்டு வேகத்தைக் குறைத்து ஸலாம் சொன்னான். வாப்பா பதில் ஸலாம் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"எந்த ஊருக் குப்ப மனே?"

"நம்மட ஊருதான்" என்றான் அவன், வாப்பாவை எங்கோ பார்த்த ஞாபகத்தில் சிரித்துக்கொண்டு.